பதினோரு மணிக்கு அடித்த சாப்பாட்டு மணி

அன்புள்ள டோர்ஸ்டெனுக்கு,

இடுப்பு வலி தேவலையா? வீட்டில் நம் பூனையோடாவது பேசுகிறீர்களா? நான் நலம், முதுகு மட்டும் ஒடிகிறது.

இந்தத் தீவுக்குப் புத்தகம் எழுத வந்த ஒன்பது பேராசிரியர்களும் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார்களாம். அவர்களுக்குச் சமைக்கும் நான் உருளைக்கிழங்கோடு எவ்வளவு நேரம் பேசுவது? நேற்றுப் பதினோரு மணிக்கே அந்த மணியை அடித்துவிட்டேன்.

"குன்வோர், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே!" என்று பேராசிரியர் ஹெட்விக் ஓடிவந்தார்.

"அப்பாடா, மனுஷக் குரல் கேட்டாச்சு! இனி போய் எழுதுங்க" என்றேன்.

"நீங்களும் எழுதுங்க" என்று சிரித்துத் தாள் கொடுத்தார். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன்.

என் கம்பளிக் காலுறை கிழிந்துவிட்டது. வேறு வேண்டும். தபாலில் வேண்டாம், வெள்ளிக்கிழமைப் படகில் நீங்களே கொண்டுவாருங்கள். அடுப்பில் மீன் தீய்கிறது. நீங்கள் பேசக்கூட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டினால் போதும்.

உங்கள் குன்வோர்