பாக்கியம் கை நனைக்கவில்லை

தை மாதம், இரண்டாம் ஞாயிறு, இரவு.

"இந்த வருசம் என்ன செய்யப் போறீக ஆச்சி?" என்று புத்தாண்டன்று பேத்தி கேட்டாள். பேச்சுவார்த்தை இல்லாத என் தங்கை பாக்கியத்தை நம் வீட்டில் சாப்பிட வைப்பேன் என்றேன். இன்று சொந்தங்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தேன். பாக்கியத்துக்குப் பேத்தியை விட்டுப் போன் போடச் சொன்னேன். மூத்தவள் நான், நேரில் போய் அழைக்க மனசு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, பால்கோவாவோடு வந்துவிட்டாள். இலை போட்டதும் எழுந்துகொண்டாள்.

"ஏட்டி, உக்காரு. உனக்குப் பிடிக்குமேன்னு சுண்டவத்தல் கொழம்பு வச்சிருக்கேன்."

"போன்ல கூப்பிட்டதுக்கு வந்து பாத்துட்டேன்க்கா. கை நனைக்கணும்னா எங்க வாசலுக்கு வந்து கூப்பிடணும். இங்கருந்து எம்புட்டு தூரம்?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். எல்லோரும் சாப்பாடு பிரமாதம் என்றார்கள். அவள் கொண்டுவந்த பால்கோவாவில் எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். யோசிக்காமல் தின்றுவிட்டேன். அவள் என் வீட்டில் ஒரு பருக்கை தொடவில்லை.

காலையில் பஸ் ஏறிப் போய்க் கூப்பிடலாம்தான். முழங்கால் வலிக்கிறதே என்று சொல்லிக்கொள்கிறேன். நேற்று கடைத்தெருவெல்லாம் நடந்தபோது அது வலிக்கவில்லை.