ஒரு வால்வு போதும்

18 ஆகஸ்ட் 1957, ஞாயிறு

காலை வெயில், மதியம் தூறல். கூரை ஒழுகுகிறது, தொட்டிலுக்குச் சற்றுத் தள்ளி. பரவாயில்லை, வாளி இருக்கிறது.

சாரதாவுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள். நாற்பது கழியும்வரை அறை வாசலைத் தாண்டக்கூடாது. வெளியார் உள்ளே போகக்கூடாது. அவளும் குரல் உயர்த்திப் பேசக்கூடாது, உடம்புக்கு ஆகாதாம். எல்லாம் அத்தையின் சட்டம். மகளைப் பார்த்துக்கொள்ள கிளேபாங்கிலிருந்து வந்தவர் மொத்த வீட்டையும் பிடித்துக்கொண்டார்.

31ஆம் தேதி மெர்டேக்கா, சுதந்திர நாள். ஊர் முழுக்கப் பாடாங் திடலுக்குப் போகும், இல்லையென்றால் ரேடியோ இருக்கும் வீட்டுக்குப் போகும். இவள் எங்கே போவாள்? போன வருஷம் பாடாங்கில் இந்தத் தேதியை அறிவித்தபோது என்னோடு கூட்டத்தில் நின்றாள். முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்தாள், ஒரு சொல் காதில் விழவில்லை. இன்று பால் கொடுத்துக்கொண்டே, "இந்தத் தடவையும் எனக்கு இல்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபம்.

ரேடியோ நானே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

20, செவ்வாய்

கிடங்கு வேலை முடிந்து நேரே ஆற்றோரப் பழைய சாமான் கடை. வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்டது எல்லாம் அங்கே. வாங்க வேண்டியது: காயில் (கம்பிச்சுருள்) சுற்ற வயர், ஸ்பீக்கர், பேட்டரி, வால்வு. வாடகை வீட்டில் மின்சாரம் கிடையாது, அதனால் பேட்டரியில் ஓடும் வால்வு.

வால்வுதான் உயிர், அந்தக் கண்ணாடிக் குழாய்தான் குரலைப் பெருக்கும். மற்றதெல்லாம் அதற்கு எடுபிடி.

கடை முதலாளி தவுக்கே இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, புதிது, டப்பாவோடு. ஸ்பீக்கரைத் தாராளமாகப் பேச வைக்கும். ஆனால் பேட்டரியைக் குடித்தே தீர்த்துவிடும், விலையும் என் சம்பளத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. இன்னொன்று கட்டைவிரல் அளவு, பட்டாளத்து வால்வு. சூடேற ஒரு டார்ச்லைட் பேட்டரி போதும். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சின்னதை எடுத்தேன். கம்பி சுற்றுகிறவன் கெட்டிக்காரனாக இருந்தால் ஒரு வால்வு போதும். நான் கெட்டிக்காரன்.

கூடவே தலையில் மாட்டும் இயர்போன் ஒன்று, இலவசமாம். எனக்கு எதற்கு என்றேன். கேட்காமல் பையில் போட்டுவிட்டார்.

24, சனி

மழை. உஜோங் பாசிரிலிருந்து சாரதாவின் அண்ணன். அவர் வீட்டில் கரண்டில் ஓடும் பெரிய ரேடியோ இருக்கிறது, அந்தப் பெருமை அவர் நடையிலேயே தெரியும். என் வால்வை விரல் நுனியில் பிடித்து உருட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது கொசு மாதிரிதான் பாடும். பெரிசா வாங்கியிருக்கலாம்."

"சன்னல்ல ஸ்பீக்கர் வைக்கிறேன் மச்சான். தெருவுக்கே கேக்கும். வந்து பாருங்க."

சொன்னதோடு விடாமல் பக்கத்து வீட்டுக் காமாட்சி அக்காவையும் அழைத்தேன். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த செட்டி குடும்பம், பெயர் தமிழ், பேச்சு மலாய். இடியாப்பம் கொண்டுவருகிறாராம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? சேச்சே.

27, செவ்வாய்

கை முழுக்க ஈயப்பற்று வைத்த சூடு. காயில் மூன்றாவது தடவை சுற்றியாயிற்று. மாலை 6க்கு இயர்போனை வைத்துப் பார்த்தேன். முதலில் கரகரப்பு, பிறகு ஒரு மலாய்ப் பாட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல! துள்ளிக் குதித்ததில் ஈயக்கோல் காலில் விழுந்தது. எரிச்சல் தெரியவே இல்லை.

ஸ்பீக்கரில் மாட்டினால் சத்தமில்லை. மழை ஈரம்தான். வெயில் வந்தால் சரியாகிவிடும்.

தேங்காயெண்ணெய் வாங்க மறந்தேன். அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

30, வெள்ளி

நல்ல வெயில். ஸ்பீக்கர் அப்படியேதான்.

ரம்புத்தான் மரத்தில் ஏரியலை இன்னும் உயரத்தில் கட்டினேன். எறும்பு கடித்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் ஏதோ முனகுகிறது. மச்சான் சொன்ன கொசுவேதான். பெரிய வால்வின் ஞாபகம் வந்தது. விரட்டிவிட்டேன்.

சாரதா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள், நாளைக்கு ஒத்திகையாம். அதைப் பார்த்துவிட்டுக் காயிலை மறுபடி பிரித்தேன்.

31, சனி. மெர்டேக்கா

விடியும்போதே மழை. சாரதாவின் அறைச் சன்னலுக்கு வெளியே குடைகள். காமாட்சி அக்கா, அவர் வீட்டார், எதிர்வீட்டுக்காரர்கள். மச்சான் தன் ரேடியோவை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார். அத்தை அறை வாசலில் காவல்.

ஸ்பீக்கர் முனகியது. இயர்போனைப் பீங்கான் பேசினுக்குள் கவிழ்த்தேன், குரல் கொஞ்சம் பெருகும். பெருகியது, ஆனால் தகரக் கூரையில் மழை அடிக்கும் அடியில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மச்சான் காதருகே கொசு விரட்டுவதுபோல் கையை வீசினார். அது இன்னும் மோசம்.

சாரதா பேசினுக்குள் கைவிட்டு இயர்போனை எடுத்துத் தலையில் மாட்டினாள். சிறிது நேரம் கேட்டாள்.

"தலைநகர்லயும் மழையாம். ஆரம்பிக்க நேரமாகுமாம்." பிறகு என் கையைப் பார்த்து, "எதையும் கழட்டாதீங்க. நான் கேட்டுச் சொல்றேன்."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். பூ, இயர்போன், இடையில் ஒரு முகம். அங்கே பிரகடனத்தை மலாயில் வாசிக்க வாசிக்க, காமாட்சி அக்காவுக்கு அப்படியே சொன்னாள், அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். மெல்லிய குரல்தான். குடைகள் எல்லாம் சன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டன.

"அப்புறம்? அப்புறம் என்னா சொல்றாங்க?" என்று கேட்டது மச்சான்தான்.

அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. கை தானாக மேலே போனது. "மெர்டேக்கா!" என்று கத்தினாள், நாற்பது நாள் சட்டமெல்லாம் கூரையோடு போகட்டும் என்பதுபோல. வெளியே எல்லாரும் திருப்பிக் கத்தினார்கள். மறுபடி அவள், மறுபடி அவர்கள். பிள்ளை விழித்து வீறிட்டது. திட்ட வாயெடுத்த அத்தையும் கத்தினார்.

மாலை 4. மழை விட்டது. இடியாப்பம் தீர்ந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். சாரதா இன்னும் இயர்போனைக் கழற்றவில்லை, ஏதோ ஊர்வலம் என்கிறாள். கட்டியவன் நான், ஒரு தடவையாவது கேட்கிறேனே என்றேன்.

"இருங்க" என்றாள்.

இன்னும் காத்திருக்கிறேன்.