பதினெட்டு ஊர் எள்

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

நீ கேட்ட எள் பார்சலில் வருகிறது. பதினெட்டு ஊர், பதினெட்டுப் பொட்டலம். எந்த ஊர், யார் வயல் என்று ஒவ்வொன்றின் மேலும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கோழிக் கிறுக்கல்தான். எட்டாவதோடு நின்றவன் கையெழுத்து வேறு எப்படி இருக்கும்?

எள் முதன்முதலில் எங்கே பயிரானது என்று கண்டுபிடிக்க ஒரு ஆராய்ச்சியாம், அதற்கு நீ கடல் தாண்டிப் போயிருக்கிறாயாம் என்று மண்டியில் சொன்னேன். "பூர்வீகம் பார்த்து எள்ளுக்குப் பொண்ணு குடுக்கப் போறாங்களா?" என்று கேட்டார் தரகர். எனக்குத் தெரிந்தது எண்ணெய் எவ்வளவு இறங்கும் என்பதுதான். அதற்கு மேல் எள்ளிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை.

அம்மா உன் போட்டோவைத் துடைத்துத் துடைத்து மூக்கையே அழித்துவிடுவாள் போலிருக்கிறது. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

அண்ணன்

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணா,

எள்ளின் மரபணுவைப் படித்து முடித்துவிட்டோம். ஒரு பயிர் பிறந்த மண்ணில் அதற்கு நூறு சாயல் இருக்கும். வெளியிலிருந்து வந்து சேர்ந்த மண்ணில் சாயல் குறைந்துபோகும். நம் பதினெட்டு ஊரிலும் இருப்பது ஒரே சாயல். ஆகவே நம் பக்கத்து எள் நம்முடையதே இல்லை, எங்கிருந்தோ ஒரே ஒரு தடவை வந்திறங்கியது என்று எழுதப்போகிறேன். பேராசிரியருக்குக் கால் தரையில் இல்லை. கட்டுரையை முடித்துக் கொடுத்தால் எனக்கு இங்கே நிரந்தர வேலை.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். பதினெட்டு ஊருக்கும் ஆள் போனது உண்மைதானே?

குட்டி

ஆகஸ்ட் 30

அன்புள்ள குட்டிக்கு,

ஆள் எதற்கு? நானே போனேன். என் வாய்ச்சொல்லை நம்பி லாரி லாரியாகச் சரக்கு நகர்கிறது. கூடப்பிறந்தவளுக்கு மட்டும் ரசீது வேண்டுமா?

அதை விடு. அம்மாவுக்குக் கல்லீரலில் கட்டி. எத்தனை மாதம் என்று கேட்டேன். டாக்டர் வாரக் கணக்கில் பதில் சொன்னார். போனில் உன்னிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். நம்பாதே. உடனே டிக்கெட் போடு.

அண்ணன்

செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணா,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கட்டுரையைத் திருத்தி முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். லீவு கேட்டேன். போகலாம், ஆனால் கடைசிவரை இருந்து கட்டுரையை முடிப்பவர்களுக்குத்தான் அந்த வேலை என்றார் பேராசிரியர். இத்தனை வருஷத்தை எப்படி விட்டுவிட்டு வருவது? முடிந்த மறுநாளே கிளம்புகிறேன். அதுவரை அம்மாவைப் பிடித்துவையுங்கள்.

குட்டி

அக்டோபர் 14

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா போய் மூன்று வாரம். போனில் நீ அழுததைக் கேட்டேன். வேலை கிடைத்துவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியையும் பார்த்தேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், நன்றாக உட்கார்ந்து படி. நான் எந்த ஊருக்கும் போகவில்லை. கடை மூலையில் ஒரு மூட்டை பிரித்தபடி கிடந்தது. ஒரே வயலில் விளைந்த எள். அதிலேயே பதினெட்டுத் தடவை கைவிட்டு அள்ளினேன். அன்றைக்கு வாசலில் இரண்டு லாரி நின்றது, எனக்கு எந்த ஊர் எள்ளும் எள்தான். நீ கேட்டபோதே சொல்லியிருக்கலாம். தங்கை முன்னால் பொய்யனாக நிற்க மனம் வரவில்லை.

இதை அப்படியே புதைத்திருப்பேன். ஆனால் பெற்றவளை விட்டுவிட்டு நீ காவல் காத்தது அந்த ஒரு மூட்டையைத்தான். அதைத் தெரிந்துகொண்டு தினமும் வேலைக்குப் போ.

அண்ணன்

நவம்பர் 1

அண்ணா,

தெரியும். ஜூலையிலேயே தெரியும்.

பதினெட்டு ஊர் எள் அவ்வளவு ஒன்றுபோல இருக்காது. ஒரே மூட்டைதான் அப்படி இருக்கும். அதனால்தான் உங்களைக் கேட்டேன். நானே போனேன் என்று நீங்கள் அடித்துச் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. மறுபடி முதலிலிருந்து என்றால் இரண்டு வருஷம் ஆகும், வேலை வேறு யாருக்காவது போகும். ஓடுகிற சரக்கை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது உங்களிடம் படித்ததுதான்.

வெளியே சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தோடு பதினெட்டுப் பொட்டலமும் என் அலமாரியில் இருக்கின்றன. ஏமாற்றியது அண்ணன், ஏமாந்தது நான் என்றுதான் முடியும்.

அம்மாவுக்காக அழுதது பொய்யில்லை. அதை மட்டுமாவது நம்புங்கள்.

குட்டி

நவம்பர் 12

குட்டிக்கு,

யாரிடமும் சொல்லமாட்டேன், நிம்மதியாக இரு. இதற்கு நீ பதில் போட வேண்டாம். வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

நீ வரவில்லை என்று எழுதியதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. விமானம் ஏறிவிட்டாய் என்றேன். "தலையை வாரிவிடுடா, இப்படிப் பார்த்தா பயந்துடுவா" என்றாள். வாரிவிட்டேன். நாலு இழுப்பில் முடிந்துவிட்டது, அவ்வளவு முடிதான் மிச்சம். வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். ஐந்து நாள் அப்படியே கிடந்தாள். கார் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரப் பார்ப்பாள்.

ஆறாம் நாள் காலையில், "அவ்வளவு தூரமாடா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அண்ணன்