தொட்டியோரத்து மொட்டைப் பேரீச்சை

அன்பு மகள் ரய்யாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மா ஸுவைனாவும் ஆடுகளும் நலம், கிளாஸ்கோ குளிரில் நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். இந்தக் கடிதத்தை என் கண்ணால் பார்த்து நானே எழுதுகிறேன், ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று இதிலேயே தெரிந்துகொள்.

அதற்கு உனக்குத்தான் நன்றி. போன செப்டம்பரில் வலசைப் பறவைகள் நம் தோட்டத்தில் இறங்கியபோது, நீ விட்டுப்போன கேமராவில் தினமும் படம் பிடித்து அனுப்பினேனே, எல்லாம் மங்கல், லென்ஸுக்குள் மணல் போய்விட்டது என்று உன்னோடு சண்டையும் போட்டேன். நீயோ, படமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு வாப்பா, பஞ்சுருட்டான் குருவி வாயில இருக்கிற தேனீயோட சிறகுகூடத் தெரியுது, நீங்க முதல்ல கண்ணைக் காட்டுங்க என்றாய். நடையை வைத்தே யார் வீட்டு ஒட்டகம் என்று சொல்கிறவன் கண்ணிலா கோளாறு என்று இரண்டு நாள் உன் போனை எடுக்கவில்லை. உம்மாதான் பிடிவாதமாக இழுத்துப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை, இவ்வளவு முத்துற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க என்றார் டாக்டர். பறவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன், சிரித்துவிட்டார்.

இப்போது மார்ச், பறவைகள் எல்லாம் வடக்கே திரும்புகின்றன. ஆட்டுத் தீவனத்துக்குப் போட்ட குதிரைமசால் வயலில் நேற்று ஏழு பனங்காடை, கொண்டலாத்திகள் கணக்கில்லை. நேற்றே மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பழைய படங்களைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக் கரையில் ஒரு மொட்டைப் பேரீச்சை நிற்கிறது என்று போன சீசன் முழுக்க நினைத்திருந்தேன், அதில் முட்டாமல் விலகியே நடப்பேன். ஆபரேஷன் முடிந்து வந்தால் மரத்தைக் காணோம், யாரைக் கேட்டு வெட்டினாய் என்று வேலைக்கு இருக்கும் ரஹ்மத்தைத் திட்டியும் விட்டேன். ரய்யா, அது மரமில்லை, உன் உம்மா. தொட்டி ஆள் ஆழம், கரை முழங்கால் உயரம்கூட இல்லை. பழுப்பு முக்காட்டோடு, அரிவாளும் கையுமாக, புல் அறுக்கிற சாக்கில் ஒவ்வொரு படத்திலும் பறவைக்குப் பின்னால் நிற்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா கேக்கிற ஆளா நீங்க, விழுந்தா தூக்க ஒரு ஆள் வேணுமேன்னு நின்னேன், உங்க பறவைங்க என் தலையில எச்சம் போட்டதுதான் மிச்சம் என்றாள். அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

ரஹ்மத்திடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. நீ வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, உன் கண்ணையும் ஒருதரம் காட்டு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. இன்று காலை உம்மாவை அதே இடத்தில் நிற்கவைத்து எடுத்த படம் இதோடு இருக்கிறது. அதில் பறவையைத் தேடாதே.

உன் வாப்பா,
கல்ஃபான்