கால் போத்தல் மண்ணெண்ணெய்

பிள்ளையார் துணை

விடத்தல்தீவு,
06.04.2013

அன்புள்ள மகள் வேணுஜாவுக்கு,

நான் இங்கே நடந்து திரியக்கூடிய சுகத்துடன் இருக்கிறேன். நீயும் மருமகன் பார்த்தீபனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் நினைத்துக்கொள்கிறேன். முழங்கால் உளைச்சல் முன்னையைவிடக் குறைவு, நீ அனுப்பிய தைலம் இன்னும் அரைப் போத்தல் இருக்கிறது, ஆகையால் வேறு அனுப்ப வேண்டாம். போன கிழமை நீ போனில் "அப்பா, சோலார் லைற் எப்பிடி எரியுது?" என்று கேட்டாய். நான் "ஓம் ஓம், நல்லா எரியுது" என்று சொல்லிவிட்டு உடனே அங்கத்தைய பனியைப் பற்றி விசாரித்தேன். அன்றைக்கு என் வீட்டில் லைற் இல்லை பிள்ளை. அதற்கு நான்கு நாட்கள் முன்னரே கூரையிலிருந்து கழற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் புஸ்பத்தின் பெறாமகள் கிருஷாந்தினி உன்னுடைய ஒஸ்லோவில்தான் இருக்கிறாள், ஆனபடியால் இரத்தினத்தார் பொய்ப் படிவம் நிரப்பிப் பிடிபட்டுவிட்டார் என்று என்னைப் பற்றிய கதை இந்தக் கடிதத்துக்கு முன்னமே உன்னிடம் வந்திருக்கும். அதைக் கேட்டு நீ அவர்களுடன் சண்டைக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினாலாவது வருமென்று இருந்தேன், ஏற்கெனவே இரண்டு கடிதங்களை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஊர்ப் புதினம் அதிகமில்லை. மாரி மழை பிந்தி வந்தது, வந்த பிறகு ஒரேயடியாகக் கொட்டிப் பயிரை மூடியது. கடற்கரைப் பக்கக் காணிகளில் உவர்த் தண்ணீர் நின்று பயிர் சிவந்துபோயிற்று. நாங்கள் இடம்பெயருமுன் குடித்த கிணறு இப்போது தேநீருக்கும் உப்புக் கரிக்கிறது, பவுசர் லொறியில் வருகிற தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறேன், பயப்படாதே. மின்கம்பம் சந்திவரைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைக்கு எப்போது என்று கேட்டால் அடுத்த கட்டம் என்கிறார்கள். அந்த அடுத்த கட்டம் வரும்வரைக்கும் என்றுதான் ஒரு நிறுவனம் போன ஐப்பசியில் சோலார் லைற் கொடுக்க வந்தது. நாற்பது வீட்டுக்கு இருபது லைற். துசாந்தினி என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை மன்னாரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து முன்பள்ளிக் கட்டடத்தில் கூட்டம் வைத்து விளங்கப்படுத்தியது. பெரிய நாடுகள் நூறு இருநூறு வருடமாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால்தான் வானம் சூடாகி எங்கள் மழை தவறுகிறது, எரித்தவர்கள் அவர்கள், வயல் அழிவது எங்களுக்கு, ஆகவே "இது உதவி இல்லை ஐயா, உங்களுக்குச் சேரவேண்டியது" என்றது. அதற்கு எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் சரவணமுத்து எழும்பி "அப்ப பிள்ளை, நாங்கள் எரிக்காததுக்குத்தானோ இந்த லைற்?" என்று கேட்டார். "ஓம் ஐயா, ஒரு வகையில அப்பிடித்தான்." "அப்பிடியெண்டால் எனக்கு ரெண்டு தரவேணும், நான் பீடிகூடப் பத்துறேல்லை." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட்டம் முடிந்த பிறகு அந்தப் பிள்ளை, நான் சங்கச் செயலாளர் என்ற முறையில், ஆங்கிலத்தில் இரண்டு பக்க வழிகாட்டிக் குறிப்பு ஒன்றை என்னிடம் தந்தது. ஊரில் அதை வாசிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். "ஆக்களுக்குக் காட்டாதேங்கோ ஐயா, காட்டினால் எல்லாரும் கூட்டிச் சொல்லுவினம்" என்றும் சொன்னது. எந்த வீட்டுக்கு எத்தனை புள்ளி என்று அதில் இருந்தது. விதவைக்குப் புள்ளி, பிள்ளைகளுக்குப் புள்ளி, எல்லாவற்றிலும் கூடிய புள்ளி எரிக்கிற மண்ணெண்ணெய்க்கு. கிழமைக்கு இரண்டு போத்தலும் அதற்கு மேலும் எரிக்கிற வீட்டுக்கு முழுப் புள்ளி, குறையக் குறையப் புள்ளியும் குறையும். அதிகம் எரிக்கிறவனுக்கு லைற் கொடுத்தால்தான் அதிகம் புகை மிச்சமாகும் என்பது அவர்களுடைய நியாயம். எரிக்காதவர்களுக்குச் சேரவேண்டியது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, தாளில் எரிக்கிறவனுக்கே முதலிடம் கொடுத்திருக்கிறார்களே என்று வாசிக்கும்போதே எனக்குப் பட்டது. ஆனால் எத்தனையோ படித்தவர்கள் இருந்து தயாரித்தது, ஓய்வுபெற்ற ஒரு கிளாக்கருக்கு மட்டும் பிழை தெரிந்துவிடுமா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். உனக்கு என் சுபாவம் தெரியும்.

முன்வீட்டு வசந்தமலரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருபது வருடம் இருந்து, புருஷனை அங்கேயே தகனம் செய்துவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளுடன் திரும்பி வந்தவள். பகலில் வயலில் களை பிடுங்கி, பொழுதுபட வந்து, மீள்குடியேற்ற உதவியில் கிடைத்த தையல் இயந்திரத்தில் குப்பி விளக்கு வெளிச்சத்தில் தைப்பாள். செயலாளர் என்று வீடு வீடாகப் படிவம் நிரப்பப் போன நான் அங்கே போனபோது கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து இருத்தினாள். ஏழாவது கேள்வி, கிழமைக்கு எத்தனை போத்தல் மண்ணெண்ணெய் என்பது. அவள் என் முகத்தைப் பார்த்து "ஐயா, எவ்வளவு எண்டு சொன்னால் நல்லம்?" என்று நேரடியாகவே கேட்டாள். நான் "உள்ளதைச் சொல்லுங்கோ" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து "கால் போத்தல் போடுங்கோ" என்றாள். முகாமிலே பதிவுக்கு வருகிறவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்களாம், கூடுதலாக இருந்தால் உதவிக்காசை வெட்டிவிடுவார்களாம், அதனால் தாளும் பேனையுமாக ஆள் வந்தால் எதையும் குறைத்துச் சொல்ல அங்கிருந்து வந்த எல்லாருமே பழகியிருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டுறவுக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்று இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போவதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இருந்தும் ¼ என்று வடிவாக எழுதினேன். சொன்னதை எழுதுவதுதான் எழுதுகிறவனின் கடமை என்று கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் பழகியது அப்போது எனக்கு நல்ல வசதியாக இருந்தது.

செயலாளரின் படிவத்தைச் செயலாளர் நிரப்பக்கூடாது என்பதால் என்னுடையதைத் துசாந்தினி நிரப்பியது. நான் தனிய இருக்கிறவன், பொழுதுபட்டால் அரிக்கன் லாம்பை வைத்து ஒன்பது மணிவரைக்கும் வாசிக்கிறவன். வாங்குவதை எல்லாம் கொப்பியில் குறிக்கிற பழக்கமும் உனக்குத் தெரியும். அதன்படி பார்த்தால் கிழமைக்கு ஒன்றரைப் போத்தல். கேட்டபோது "இரண்டு" என்றேன். அரையும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த முழு எண்ணாக எடுப்பது கணக்கு முறைதான், பிழையென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வசந்தமலரின் படிவத்தில் எந்தக் கணக்கு முறையும் எனக்கு உதவிக்கு வரவில்லையே. பட்டியல் வந்தபோது என் பெயர் பத்தொன்பதாவது. அவளுடைய பெயர் இருபத்துமூன்றாவது. அவள் பட்டியலைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை ஐயா, உங்களுக்காவது வந்ததே, வாசிக்கிற மனுசன்" என்றாள்.

மார்கழியில் லைற் பூட்டினார்கள். நல்ல வெள்ளை வெளிச்சம், சின்ன எழுத்தும் கண்ணாடியில்லாமல் தெரிந்தது, அதை நான் உனக்குப் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. தையில் பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், ஊரில் பாதிச் சீருடை வசந்தமலரிடம்தான் வந்தது. குப்பி விளக்குப் புகை வெள்ளைத் துணியில் படிந்து கரிப் பொட்டுகள் விழுந்துவிட்டன. புஸ்பம் தன் பேரப்பிள்ளையின் சட்டையை ஒழுங்கையில் நின்றே விரித்துக் காட்டி, "ஏன் மலர், நான் பள்ளிக்கூடத்துக்கல்லோ சட்டை கேட்டனான், புள்ளிமான் வேசத்துக்கோ தைச்சனீ?" என்றாள். வசந்தமலரும் சேர்ந்து சிரித்து, "கொண்டாங்கோ அக்கா, தோய்ச்சுத் தாறன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். மூன்று தரம் தோய்த்தும் அது போகவில்லை. மிச்ச ஓடர் எல்லாம் கரண்ட் இருக்கிற சந்தித் தையல்கடைக்குப் போய்விட்டது. புஸ்பத்துக்கும் லைற் கிடைத்தது, அவள் மூன்று போத்தல் என்று சொல்லியிருந்தாள். பொழுதுபடுகிற நேரம் வசந்தமலர் இயந்திரத்தை வாசற்படிவரைக்கும் இழுத்து வைத்து, இருந்த கொஞ்ச வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பதை நான் என் வெள்ளை வெளிச்சத்தின் கீழ் இருந்து பார்த்தேன். எட்டு நாட்கள் பார்த்தேன். ஒன்பதாம் நாள் கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தேன். உன் அம்மா இருந்திருந்தால் முதல் நாளே என்னை எழுப்பி அனுப்பியிருப்பா.

மாசியில் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். முதல் பிரதியில் கால் போத்தல், ஒன்றரைப் போத்தல் எல்லாம் இருந்தது. நாலாவது பிரதியில், சொந்தக் காரணங்களால் எனக்கு லைற் அவசியமில்லை, முன்வீட்டுக்கு மாற்றித் தரவும் என்று மட்டும் மிஞ்சியது. அதைத்தான் அனுப்பினேன். போன மாதக் கடைசியில் துசாந்தினி ஆளுடன் வந்து தகட்டைக் கழற்றி முன்வீட்டுக் கூரையில் பூட்டியது. "ஐயா மாதிரி ஆக்கள் இப்ப எங்க இருக்கினம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னது, நான் தலையை ஆட்டினேன். ஆனால் கழற்றுவதைக் கண்ட சனம், கொடுத்ததை நிறுவனம் சும்மா திருப்பி எடுக்காது, ஏதோ பொய் பிடிபட்டிருக்கிறது என்று கதைக்கத் தொடங்கிவிட்டது. புஸ்பம் தன் மகனிடம் "வாய் திறவாத மனுசனைத்தான் நம்பக்கூடாது" என்று சொன்னது வேலிக்கு இந்தப் பக்கமும் கேட்டது. பிள்ளை, அந்தக் கதை முழுக்கப் பொய் என்று நீ யாருக்கும் சொல்லாதே. அரைப் போத்தல் அளவுக்கு அது உண்மை. மிச்சத்தை அவர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

என்னால் தாங்க முடியாதது புஸ்பத்தின் பேச்சு அல்ல. நேற்று வசந்தமலர் வந்தாள். புது லைற்றின் கீழ் முதல் முதலாகத் தைத்தது என்று வெள்ளைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். "ஐயா, ஊர் ஆயிரம் கதைக்கட்டும், என்ர பிள்ளையளுக்கு நான் சொல்லி வைச்சிருக்கிறன், உங்களைக் கண்டால் எழும்பி நிக்கவேணும் எண்டு" என்றாள். அவள் முதலில் எவ்வளவு என்று கேட்டபோது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பட்டியலில் அவளுடைய பெயர் எனக்கு மேலே இருந்திருக்கும், தை மாத ஓடரும் போயிராது. இது அவளுக்குத் தெரியாது. அவளுடையதையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்கு நன்றியும் சட்டையும் வாங்கிக்கொண்டு "சரி, சரி" என்று உள்ளே போனேன். சட்டையில் ஒரு கரிப் பொட்டும் இல்லை. அலுமாரியில் வைத்திருக்கிறேன், போடவில்லை. வைகாசியில் இன்னும் பத்து லைற் வருமாம், அதற்கும் அதே வழிகாட்டிதானாம். அது தலைகீழ் என்று மன்னாருக்கு எழுத வேண்டும், கூட்டத்தில் எல்லாருக்கும் அதைத் தமிழில் வாசித்தும் காட்ட வேண்டும். செய்வேன் என்று வாக்குத் தர எனக்குத் துணிவில்லை, முதலில் செய்யவேண்டியது வேறு இருக்கிறது.

வருகிற சித்திரைப் புத்தாண்டு உனக்கும் மருமகனுக்கும் எல்லாச் சிறப்பும் தரப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நீடூழி வாழ வேண்டும். இரவு வேலை முடிந்து தனிய பஸ்சுக்கு நிற்காதே. போனில் இந்த விஷயத்தைக் கேட்காதே, கேட்டால் நான் திரும்பவும் பனியைப் பற்றித்தான் கதைப்பேன், உனக்குத் தோன்றுவதை எழுது.

நாளை மறுநாள் திங்கட்கிழமை இதை உறையில் இட்டு ஒட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வயலுக்குப் போகுமுன் அவளுடைய வாசற் படலைக்குப் போகப்போகிறேன். அவளுக்குச் சொன்ன பிறகுதான் தபாற்கந்தோர். சொல்லாமல் திரும்பினால் முதல் இரண்டைப் போல இதுவும் கிழிபடும், என்னை எனக்குத் தெரியும். ஆகவே இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், நான் சொல்லிவிட்டேன் என்று அறிந்துகொள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
வ. இரத்தினம்