மெழுகு போட்ட சுவர்

மார்ச் 3

பெயின்டர் அவர்களுக்கு,

என் சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்தது நீங்கள்தான். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் வாயால் சொன்னார், கை உங்களுடையது. நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் கலர் போட்டிருந்த பாதிச் சுவரும் தூளாகத் தரையில் கிடந்தது.

கரண்ட் போன அன்று மெழுகுவத்தி சுவரில் சொட்டியது. மறுநாள் துணிக்குக் கலந்த நீலம் அதன்மேல் தெறித்தது. சொட்டு விழுந்த இடம் மட்டும் நீலம் பிடிக்காமல் வெள்ளையாக நின்றது. அவ்வளவுதான், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. மெழுகால் கோடு போட்டேன், மேலே நீலம் அடித்தேன். டீ டிகாஷன் ஊற்றினேன். ஈரத்தில் உப்பைத் தூவினால் பூப்பூவாக விரிந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தெறித்தேன். வீட்டுவேலை ஒன்றையும் நிறுத்தாமல்தான் செய்தேன்.

"என்னடி இது, ஒழுகுற கூரைக்குக் கீழ இருக்கிற செவுரு மாதிரி?" என்றீர்கள். டாக்டர் வீட்டு ஹாலில் ஸ்பாஞ்சால் திட்டுத்திட்டாக ஒத்திவிட்டு வந்து ஒரு வாரம் பெருமையடித்தவரும் நீங்கள்தான். அவர்கள் வீட்டில் திட்டு அழகு, நம் வீட்டில் அசிங்கம்.

உங்களை விட்டு வந்த இந்தத் துணி ஆலையில் எனக்கு இஸ்திரிப் பிரிவு. நின்றுகொண்டே வேலை. விடுதியில் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடிதத்தைத் தடுக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

இப்படிக்கு,
மெழுகுக்காரி (நீங்கள் வைத்த பெயர்தான்)

மார்ச் 12

அன்புள்ள மெழுகுக்காரிக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து கோணவில்லை. சாப்பிடுகிறாயா? நான் சமைத்ததை நானே சாப்பிடுகிறேன். அந்தத் தண்டனை போதாதா?

"மாசக் கடைசிக்குள்ள செவுத்த ஒழுங்கு பண்ணு, இல்லேன்னா சட்டி பானைய தூக்கிட்டுக் கிளம்பு"ன்னு வீட்டுக்காரர் தெருவில் நின்று கத்தினார். நாலு பேர் பார்த்தார்கள். ஊரார் சுவருக்கெல்லாம் கலர் அடிக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு சுவர் கிடையாது. அந்த எரிச்சலை உன் சுவரில் காட்டிவிட்டேன்.

நீ கை வைக்காத மிச்சப் பாதி வெள்ளையாக, சுத்தமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு மொத்தச் சுவருக்கும் இளமஞ்சள் ஒரு கோட் கொடுத்துவிடுவேன். பிரச்சினை தீர்ந்தது. வந்துவிடு.

உன்
பெயின்டர்

மார்ச் 14

அடிப்பாவி,

மிச்சப் பாதியில் கலர் பிடிக்கவில்லை! ரோலர் போன இடத்திலெல்லாம் வெள்ளைக் கோடு கோடாக எழும்பி வருகிறது. பெயின்ட்தான் கெட்டுப்போச்சு என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். "அண்ணே, செவுத்துல எண்ணெய் கிண்ணெய் பட்டிருக்கும். இத்தன வருஷ பெயின்டர், இதுகூடத் தெரியலியா?" என்று நக்கலடித்தான்.

திரும்பி வந்து தள்ளி நின்று பார்த்தேன். சாய்த்து வைத்த ஏணி. உச்சியில் ஒரு ஆள், கையில் பிரஷ். தொப்பை ரொம்ப அதிகம், அது அநியாயம். வெள்ளைச் சுவரில் வெள்ளை மெழுகால் என்னை வரைந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இத்தனை நாள் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துதான் டீ குடித்திருக்கிறேன்.

கதவோரம் வரும் முன்பே ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்தால் எல்லாம் மூடிவிடும். தேய்த்தபோது உன்னைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். வேண்டாம் என்று ஒரு வரி எழுது. வீட்டுக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வேறு வீடு பார்க்கிறேன். மாசக் கடைசிவரை பார்ப்பேன். பதில் வராவிட்டால் உனக்கும் அந்தப் படம் வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஏணிமேல் இருப்பவன்

ஏப்ரல் 9

என்னங்க,

உங்கள் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன், நீங்கள் சொன்ன மாசக் கடைசி தாண்டிய பிறகு. முந்தின கடிதத்தில் "பிரச்சினை தீர்ந்தது, வந்துவிடு" என்று எழுதியிருந்தீர்கள். இதிலும் அதுதான் இருக்கும் என்று தலையணைக்கு அடியில் போட்டுவிட்டேன். இன்று பக்கத்துக் கட்டில் அக்கா, "பிரிச்சிப் பாருடி, கடிதம் கடிச்சிடுமா?" என்று கையில் திணித்தாள்.

சொல்லாமல் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. கலர் போடுவது உங்கள் வேலை என்று விட்டுவைத்தேன். ஒரு நாள் நீங்களே நீலத்தைக் கையில் எடுத்து, "நானும் அடிச்சிப் பார்க்கட்டுமா?" என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் உப்புத்தாளை எடுத்தீர்கள்.

ஏணியின் கால் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? நீங்கள் நிறுத்திய இடத்துக்கு அப்பால், கதவோரத்தில் இருக்கிறது. அங்கே நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வேண்டாம். பிரைமர் அடிக்காதீர்கள். வேறு வீடு பார்க்கலாம்.

உங்கள்
மெழுகுக்காரி

மே 2

என்னங்க,

பதில் இல்லை. போன கடிதம் திரும்பியும் வரவில்லை. யாரோ வாங்கியிருக்கிறார்கள். நீங்களா, இல்லை நீங்கள் காலி செய்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களா?

கோபம் என்றால் திட்டி எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்து என் கை இப்போது மரமாகிவிட்டது. நேராக ஒரு கோடு போட வருமா என்று தெரியவில்லை. அந்த ஏணிப் படம் மாதிரி இன்னொன்று என்னால் வரைய முடியாது.

கதவோரத்தில் பிரைமர் அடித்தீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.