மூடுபனியைக் காயவைத்த எந்திரங்கள்

அட்டுவம்பட்டி,
புதன்கிழமை

மரியாதைக்குரிய அத்தாவுக்கு, மகள் மஹ்ஜபின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

ஜெயித்துவிட்டேன் அத்தா! வானிலையைக் கணிக்க நாற்பது கணினிகளை ஒன்றாகக் கோத்து, ஒரே கணினிபோல ஓடவைப்பதுதானே என் வேலை. அவை கடுமையாகச் சூடாகும். "ஊரே ஃபிரிட்ஜு மாதிரி கெடக்கு, ஏசி எதுக்குங்க மேடம்?" என்றார் உடன் வேலைசெய்யும் செல்வமுருகன், கொடைக்கானல்காரர். நானும் தலையாட்டிவிட்டு ஜன்னல்களைத் திறந்தேன். குளிரோடு மூடுபனியும் உள்ளே வந்து, பெட்டிகளெல்லாம் வியர்த்துவிட்டன. பதறாதீர்கள், உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டேன். ஆனால் இந்த வாரத்துக்குள் ஓடாவிட்டால் எல்லாவற்றையும் சென்னைக்கு ஏற்றிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார்.

எந்திரங்கள் வெளியே தள்ளிக்கொண்டிருந்த சூட்டைத் தகரக் குழாய் வழியாக ஜன்னலுக்கே திருப்பினேன். உள்ளே வரும் பனி அந்தச் சூட்டிலேயே காய்ந்தது. நேற்று நாற்பதும், ஒன்றுகூட முரண்டு பிடிக்காமல், ஓடின. "மெஷின் மூச்சை மெஷினுக்கே குடுத்துட்டீங்களே!" என்றார் செல்வமுருகன். எந்திரங்கள் இனி எங்கும் போகாது.

இந்த ஊரில் துணி காய்கிற ஒரே இடம் இப்போது என் எந்திர அறைதான்.

பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்று வேண்டும். துவைக்க வேண்டாம்.

ஷபீர் மாமா பழனி பஸ் ஏறப்போகிறார், அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன். எந்திரங்களின் முதல் கணிப்பு உங்களுக்கே: வெள்ளிக்கிழமை மதியம் பழனியில் மழை. ஜும்மாவுக்குப் போகும் முன் கடை வாசலில் இருக்கும் நாட்டுச்சர்க்கரை மூட்டைகளை உள்ளே எடுத்துவையுங்கள். பெய்யாவிட்டால் போன் செய்து திட்டுங்கள். பெய்தாலும் போன் செய்யுங்கள்.

உங்கள்
மஹ்ஜபின்